வேப்பெண்ணெய் மணக்கும் சங்கீதங்கள்

என் வேதப்புத்தகத்தை விரிக்கிறவர்கள் முதலில் மூக்கைத்தான் சுளிப்பார்கள். முன்பகுதியில் ஒரு மணமும் இல்லை. பின்பகுதியில் பழைய கடதாசியின் மணம் மட்டும் உண்டு. நடுவே, சங்கீதங்கள் என்ற பாட்டுப்பகுதி வருமிடத்தில், குழந்தைக்குச் சொறி வந்த வீடு போல வேப்பெண்ணெய் மணக்கும். அந்தத் தாள்கள் தேன்மெழுகு நிறத்தில் இருக்கும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். "இதென்ன கோலம்?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ பாதியைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முழுவதையும் இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் புங்குடுதீவு மடத்துவெளிப் பெண். அரிவரி படித்ததோடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். மீதியை நானே எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பிடித்துக்கொண்டேன். கலியாணம் முடித்து நெடுந்தீவுக்கு வந்தேன். என் கணவர் அங்கே மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அந்தத் தீவில் சைவர்கள் இருந்தார்கள், கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். எங்கள் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். போதகர் காற்று விட்டால் வள்ளத்தில் வருவார், விடாவிட்டால் வரமாட்டார். மீன் கொண்டு வரும் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி கடகத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"நீங்கள் அங்காலையும் இல்லை, இஞ்சாலையும் இல்லை. மதிலிலை இருக்கிற காகம் மாதிரி, என்ன?"

நானும் சிரிப்பேன். அவள் போனபிறகுதான் அந்தச் சொல் குத்தும். ஆனாலும் அவள் வராத நாட்களில் அப்படிச் சொல்லவும் ஆள் இல்லையே என்றிருக்கும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடச் சம்பளம் ஒழுங்காக வராமல் போகவே அவர் மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனார். போகுமுன் ஓர் ஏற்பாடு செய்தோம். சங்கீதங்கள் நூற்றைம்பது. நாளுக்கு ஒன்று, அந்தியில் விளக்கு வைத்தபின். முடிந்தால் திரும்பவும் முதலாவதிலிருந்து. அவர் அங்கே, நான் இங்கே. ஒரே நாளில் ஒரே பாட்டு. "அங்கை பொழுது முந்திப் படுமாம். நான் முந்தி, நீர் பிந்தி. ஆனா இரண்டும் ஒரே அந்திதான்" என்றார். சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் புத்தகத்தை அவர் எடுத்துக்கொண்டார். தன் தகப்பன் வைத்திருந்த பெரிய புத்தகத்தை என் கையில் தந்தார். வள்ளத்தில் ஏறி நின்றுகொண்டு, "என்னைப் பற்றி யோசியாதையும். புத்தகத்தைப் பத்திரமாப் பாரும்" என்று கத்தினார். மற்றப் பெண்களின் புருசன்மார் வேறு ஏதாவது கத்தியிருப்பார்கள்.

எங்கள் தீவில் புத்தகம் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது போன்ற வேலை. உப்புக்காற்று தாளின் ஓரத்தைத் தின்னும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கறையான் சுவரால் ஏறும், வெள்ளிப்பூச்சி பசையைத் தேடி வரும், எலிக்கு எதுவும் ஒன்றுதான். நான் தோணிக்காரர் ஒருவரிடம் பழைய பாய்த்துணி கேட்டு வாங்கி, வலை பின்னும் நூலால் உறை தைத்தேன். பனையோலை மூடற்பெட்டிக்கு அடியில் புகையிலைக் காம்பும் காய்ந்த வேப்பிலையும் பரப்பி, அதன்மேல் புத்தகத்தை வைத்து, கூரை வளையிலிருந்து உறி கட்டித் தொங்கவிட்டேன். உறிக்கயிற்றில் எறும்பு இறங்காதபடி சாம்பல் பூசினேன். கை கழுவாமல் தொடமாட்டேன். விரலை நாவில் தொட்டுத் தாள் புரட்டமாட்டேன். மழை விட்ட காலைகளில் நிழலில் விரித்துவைத்துத் தாள்களுக்குள் காற்றுப் போக விடுவேன். கிழிந்த ஓரங்களை மெல்லிய தாள் வைத்து, நீலத் துருசு கலந்த மாப்பசையால் ஒட்டுவேன். துருசு போட்டால் பூச்சி பசைக்கு வராது.

பக்கத்து வளவில் ஓர் அக்கா இருந்தா. கணவர் இறந்துவிட்டார், மகன்மார் தெற்கே கடை வைத்திருந்தார்கள். அவவுக்குத் துணை ஆறு பசுக்களும் ஒரு கட்டு ஏடும்தான். அந்த ஏடு மாட்டு வைத்தியம். மாமனார் விட்டுப்போனது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த கல்மதிலில் ஒரு இடத்தில் கல் சரிந்து கிடந்தது. அந்த இடைவெளியால்தான் கதை, குழம்பு, நெருப்பு எல்லாம் போய்வரும். நான் உறியை இறக்குவதைப் பார்த்து அக்கா சொல்லுவா:

"உந்தப் புத்தகத்துக்குக் குடுத்துவைச்ச சீவியம், பிள்ளை. என்ரை மனிசனைக்கூட நான் இப்பிடித் தாங்கேல்லை."

பிறகு மலாயாவில் யுத்தம் வந்தது. கடிதம் நின்றது. முதலில் தாமதம் என்று நினைத்தோம். பிறகு அந்தச் சொல்லையும் விட்டுவிட்டோம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல எவரும் இல்லை. எனக்கு மிஞ்சியது அந்தி மட்டும்தான். அன்றைய பாட்டை நான் உரத்து வாசிக்கும்போது, எங்கேயோ ஓரிடத்தில் அவரும் அதே சொற்களைச் சொல்லுகிறார் என்று நம்பினேன். அந்தச் சரடு அறுந்தால் அவரும் போய்விடுவார் என்று ஒரு பயம். அர்த்தமில்லாத விசர்ப் பயம்தான். ஆனாலும் அது என்னை நாளுக்கு ஒருமுறை உட்கார்த்தி வாசிக்க வைத்தது. புதுப் புத்தகம் வாங்கவும் வழியில்லை. இந்தியாவிலிருந்து அரிசியே ஒழுங்காக வராத காலத்தில் வேதப்புத்தகம் எப்படி வரும்?

அந்தப் புரட்டாசியில் போதகர் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். யாழ்ப்பாணத்தில், மலாயாவில் அகப்பட்டவர்களின் பெயர்களைப் பதிகிறார்களாம், உறவினர் நேரில் வரவேண்டுமாம். காற்று மாறுகிற நேரம். புத்தகத்தையும் கொண்டு போகலாம் என்று நினைத்து உறியை இறக்கினேன். தோணிக்காரர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கடலுக்கு வாசிக்கத் தெரியாது, தங்கச்சி. நனைக்கத்தான் தெரியும்."

அதனால் பெட்டியோடு அக்காவிடம் கொடுத்தேன்.

"கறையான் வராமல் பாருங்கோ அக்கா. ஈரம் படாமல் பாருங்கோ. நான் நாளைக்கழிச்சு வந்திடுவன்."

"நீர் போயிட்டு வாரும். என்ரை ஏட்டைப் பாக்கிற மாதிரிப் பாப்பன்" என்றா அக்கா. அதைவிடப் பெரிய வாக்கு அவவிடம் இல்லை. நான் நிம்மதியாகப் போனேன். அந்த நாட்களுக்கான பாட்டுகள் எனக்கு மனப்பாடம். எப்போதும் மனப்பாடமானவை சில உண்டு, அதிட்டவசமாக நான் திரும்பி வரும்வரை அவைதான் வந்தன.

பெயர் பதிந்தார்கள். "தகவல் வந்தால் அறிவிப்போம்" என்றார்கள். திரும்பி வரக் காற்று விடவில்லை. புங்குடுதீவில் தமையன் வீட்டில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தேன். "அந்தத் தீவிலை உனக்கு ஆர் இருக்கினம்? இஞ்சையே இரன்" என்று தமையன் கேட்டார். புத்தகம் அங்கே இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வந்து இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் முகம் கலியாண வீட்டு முகமாக இருந்தது. பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினா.

"பாரும் பிள்ளை! இனி நூறு வரியத்துக்கு ஒரு பூச்சியும் தொடாது."

சரசுவதி பூசைக்கு முன் அக்கா வருசாவருசம் ஏட்டை அவிழ்த்து, ஓலை ஓலையாக வேப்பெண்ணெய் பூசித் துடைத்து, திரும்பவும் கட்டிவைப்பா. ஓலை முறியாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க அந்த வீட்டில் தலைமுறையாகச் செய்துவந்தது அது. இந்த வருசம் என் புத்தகத்தையும் ஏட்டுக்குப் பக்கத்தில் வைத்து அதே மரியாதை செய்திருக்கிறா. முழுவதற்கும் எண்ணெய் போதாது. அதனால் எது கூடுதலாகத் தேய்ந்து, எது தானாக விரிகிறதோ, அந்த இடத்தில் தொடங்கியிருக்கிறா. பஞ்சால் தொட்டுத் தொட்டு, தாள் தாளாக, இரண்டு பக்கமும். சங்கீதங்கள் முழுவதும்.

தாள்கள் பொரித்த அப்பளம் போல மினுங்கின. ஓர் எழுத்தும் தனியாக நிற்கவில்லை.

"கரியும் பூச நினைச்சனான்" என்றா அக்கா. "ஏட்டுக்கு எண்டால் கரி பூசினால்தான் எழுத்துத் தெரியும். உதிலை எழுத்து முந்தியே கறுப்பாக் கிடக்குது, அதாலை விட்டிட்டன்."

அவவின் விரல் நுனிகள் எண்ணெயில் ஊறி மஞ்சளாக இருந்தன. "நல்லது அக்கா" என்று சொல்லிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று அந்தி விளக்கு வைத்தேன். தாளை விளக்குக்குக் கிட்டப் பிடித்தால் பின்பக்கம் முன்னே வந்தது. தள்ளிப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து மங்கியது. அன்றைய பாட்டு எனக்கு மனப்பாடமில்லாத ஒன்று. முதல் அடி வந்தது, இரண்டாம் அடி பாதி வந்தது, அதோடு நின்றேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் விளக்கை வைக்கவே மனம் வரவில்லை. வீட்டுக்குள் சும்மா இருந்தேன். தமையன் கேட்ட கேள்வி வந்து எதிரே குந்திக்கொண்டது. இந்தத் தீவில் எனக்கு ஆர்? மலாயாவில் அவர் இந்நேரம் தனியே வாசித்துக்கொண்டிருப்பார், மறுமுனையில் நான் இல்லை என்று தெரியாமலே. அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்பு பட்டதில்லை.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, காது இருந்தது. கிழமை முடிகிற நேரம் மதில் இடைவெளியால் வந்து நின்றா.

"ஏன் பிள்ளை, உம்மடை சத்தத்தைக் காணேல்லை? சுகமில்லையோ?"

"சுகம்தான், அக்கா."

"நீர் வாசிச்சு முடிச்சாப்பிறகுதான் நான் பசுவைக் கட்டுறனான். ஒரு கிழமையா அதுகளும் நேரம் தெரியாமல் நிக்குதுகள். என்ன நடந்தது?"

அப்போதும் நான் மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் அழுகை முந்திவிட்டது. புத்தகத்தை விரித்துக் காட்டினேன். இது ஓலையில்லை, கடதாசி, எண்ணெயைக் குடிக்கும், குடித்தால் கண்ணாடியாகிவிடும் என்று சொன்னேன். அவரும் நானும் செய்துகொண்ட ஏற்பாட்டையும், அந்தச் சரடு அறுந்துவிடுமோ என்ற பயத்தையும் சொன்னேன். அதை அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அக்கா நிலத்தில் இருந்துவிட்டா.

"ஏட்டுக்கு மருந்து, பேப்பருக்கு நஞ்சோ? இரண்டும் எழுத்துத்தானே எண்டு நினைச்சன்" என்றா. பிறகு, "அப்ப அந்தப் பொடியன் ஒரு கிழமையாத் தனிய வாசிக்குதோ?" என்று கேட்டா.

அக்கா எழும்பிப் போனா. திரும்பி வரும்போது அவவின் கையில் கன்றுக்குட்டிக்கு வைத்திருந்த தவிடு ஒரு சுளகு நிறைய இருந்தது. "எண்ணெயைத் தவிடு குடிக்கும். சீலையிலை பட்டால் அப்பிடித்தானே எடுக்கிறனாங்கள்" என்றா.

தாளுக்கு அடியில் ஏதாவது கெட்டியாக வைத்தால்தான் தவிட்டைத் தூவி ஒற்றலாம். அவர் படிப்பித்த காலத்துச் சிலேட்டு ஒன்று கிடந்தது. அதை ஒரு தாளுக்கு அடியில் நுழைத்துத் தவிட்டைத் தூவினோம், அழுத்தினோம், கோழியிறகால் தட்டினோம். எண்ணெய் கொஞ்சம்தான் வந்தது. "சரிவராது போல, அக்கா" என்று சொல்லிக்கொண்டே குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முற்றத்து வெயில் விழுந்த அந்தத் தாளில் எழுத்துத் தெரிந்தது. அடியில் கறுப்பு இருந்ததால் பின்பக்க எழுத்து அதற்குள் அமிழ்ந்துபோய், முன்பக்கம் மட்டும் மேலே நின்றது. தாள் மங்கல்தான். ஆனால் வாசிக்கலாம்.

"அக்கா, தெரியுது!"

"என்ன தெரியுது?"

"எழுத்து!"

"எனக்கு அது எப்பவும் ஒரு மாதிரித்தான் தெரியும்" என்றா அக்கா. இருவரும் சிரித்தோம். அந்தக் கிழமையில் முதல் சிரிப்பு.

சிலேட்டின் பாரம் புத்தகத்தின் முதுகை முறிக்கும். ஆகவே அவர் விட்டுப்போன குடையிலிருந்து கறுப்புத் துணியைப் பிரித்து, இரண்டாக மடித்துத் தாள் அளவுக்கு வெட்டித் தைத்தேன். விளக்கு வெளிச்சம் போதவில்லை, வெயில் வேண்டும். ஆகவே வாசிப்பு அந்தியிலிருந்து பின்னேரத்துக்கு மாறியது. அங்கே பொழுது முந்திப் படுமே, இப்போது அவருடைய நேரத்துக்கு இன்னும் கிட்டப் போய்விட்டேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

முற்றத்தில் வாசிக்கத் தொடங்கியதும் அக்காவும் வந்தா. ஏன் வருகிறா என்று நான் கேட்கவில்லை. காற்றில் தாள் பறக்காமல் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பா. சமயம் மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை. திருநீறு பூசிய நெற்றியோடு வந்து, கேட்டுவிட்டுப் போவா. சில நாள் அபிப்பிராயமும் சொல்லுவா.

"இந்தப் பாட்டுப் பாடின ராசாவுக்கு எந்நேரமும் எதிரியளைப் பற்றித்தான் முறைப்பாடு. பக்கத்து வளவிலை நல்லதொரு சனமும் இருக்கேல்லையோ?"

இன்னொரு நாள், தன்னைக் கைவிட்டுவிட்டாயோ என்று கடவுளைக் கேட்கும் பாட்டு ஒன்று வந்தது. வாசித்து முடித்தேன். அக்கா தாளின் ஓரத்தை விடாமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தா. "இதை நாளைக்கும் வாசியும்" என்றா. நாளுக்கு ஒன்று என்ற ஒழுங்கை அந்த ஒருமுறை மீறினேன்.

இருந்தாலும் தனிமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அக்கா போனபிறகு இருட்டுவதற்கு நேரம் கிடக்கும். முந்தி அந்த நேரத்தில் வாசிப்பு இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. உறியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

யுத்தம் முடிந்து, எல்லோரும் கைவிட்டிருந்த ஒரு நாளில் அவர் வந்தார். தோணியிலிருந்து இறங்கிய மெலிந்த மனிதரை நான் வேறு யாரோ என்று நினைத்துத் தாண்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, ஆட்களெல்லாம் வந்து போனபிறகு உறியை அண்ணாந்து பார்த்தார்.

"இருக்குதோ?"

நான் இறக்கிக் கையில் கொடுத்தேன். புத்தகம் தானாக நடுவில் விரிந்தது. அவர் முகர்ந்தார். "என்ன மணம் இது?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏடு, எண்ணெய், தவிடு, குடைத்துணி. வாசிக்க முடியாமல் போன அந்தக் கிழமையைச் சொல்லும்போது, "நீங்கள் அப்ப தனிய வாசிச்சிருப்பியள், என்ன?" என்றேன். அவர் துணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்ரை புத்தகம் யுத்தத்தின்ரை முதல் வருசத்திலையே போயிட்டுது" என்றார். "அங்கை கடதாசி இல்லை. புகையிலைத் தூளைச் சுத்த எல்லாரும் தாள் கேட்டாங்கள். மெல்லிய தாள் எண்டபடியால் நல்லா எரியும். நானும் அப்பிடிச் சுத்திப் பத்தினனான். நடுவிலை தானா விரியிற இடத்திலையிருந்துதான் கிழிக்கத் தொடங்கினது."

"மனப்பாடம் இருந்ததைச் சொல்லேல்லையோ?"

"கொஞ்ச நாள் சொன்னனான். பிறகு பசியைத் தவிர ஒண்டும் ஞாபகம் வரேல்லை."

எனக்குக் கோபம் வரவில்லை. அவரது கையைப் பார்த்தால் எவருக்கும் கோபம் வராது. ஆனால் இத்தனை வருசமும் மறுமுனையில் ஒருவரும் இருக்கவில்லை என்பது, அவர் எனக்கு முன்னால் உயிரோடு இருந்த அந்த நேரத்தில்தான் வந்து விழுந்தது.

அப்போது மதில் இடைவெளியால் அக்கா வந்தா. கையில் செம்பு நிறையப் பால். அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றா.

"தம்பி, உம்மிட்டை ஒண்டு சொல்ல வேணும். கன நாளா மனசிலை கிடக்குது. என்ரை எண்ணெயாலை இந்தப் பிள்ளை ஒரு கிழமை வாசிக்கேல்லை. அந்தக் கிழமை நீர் அங்கை தனிய வாசிச்சிருப்பீர். அது என்ரை பிழை. பொறுத்துக்கொள்ளும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா, தனியத்தான் வாசிச்சனான்" என்றார் அவர். "அது பரவாயில்லை. ஒரு கிழமைதானே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா. "பாத்தீரோ, சரடு அறுகேல்லை" என்றா.

மறுநாள் பின்னேரம் அவர் உள்ளே நித்திரை. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஏற்பாடு முடிந்துவிட்டது, அவர் வந்துவிட்டார். அக்கா ஏற்கெனவே தன் இடத்தில் இருந்தா.

"அவர் வரேல்லையோ?"

"நித்திரை, அக்கா."

"கிடக்கட்டும், எழுப்பாதையும்" என்றா அக்கா. "எத்தினை வரியம் வாசிச்ச களைப்பு."

அக்கா தாளின் ஓரத்தைப் பிடித்தா. நான் கறுப்புத் துணியை அடியில் நுழைத்தேன்.